முதலில் என்னைக் கேட்டிருக்க வேண்டும்

கார்ல்ஸ்ரூஹே
கார்த்திகை 14

அன்புத் தங்கச்சி கமலாம்பிகைக்கு அண்ணை ஆனந்தராசா எழுதுவது,

இங்கே நானும் மகள் தேனுஜாவும் சுகம். என் முழங்கால் மட்டும் என்னோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருக்கிறது, அது தோற்றுவிடும். மச்சான் சிறீதரனின் கண் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டதென்றால் இந்தக் கடிதத்தை அவரிடமே வாசிக்கக் கொடு. நீ வாசித்தால் உன்னை ஏசும் இடங்களைத் தாண்டிவிடுவாய்.

முதலில் காரியம். முறிகண்டிக் காணியை என் சார்பில் நீயே விற்பதற்கு அதிகாரம் கேட்டு அனுப்பிய பத்திரம் கிடைத்தது. அதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஐயா நம் இருவருக்கும் பொதுவில் எழுதிவைத்த நாலு ஏக்கர் அது. பொதுக் காணியை விற்பதென்றால் பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்பது எங்கள் தேசவழமைச் சட்டம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் அந்தச் சட்டப் புத்தகத்தை அடிக்கோடு போட்டு மூன்று தரம் வாசித்தவன். நீ என்ன செய்தாய்? காணியில் குடியிருக்கும் சுந்தரேஸ்வரிக்கும் மற்றப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் அதை அவர்களுக்கே விற்பதாக முதலில் வாக்குக் கொடுத்தாய். அவர்கள் பொங்கிப் படைத்தும் முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு வட்ஸ்அப்பில் உன் குரல்பதிவு வந்தது. அதிலும் பாதி உன் கோழியின் சத்தம். அறிவித்தல் என்றால் கடிதம், கமலம். கோழி அல்ல.

ஐயா அந்தக் காணியை வாங்கியபோது ஊரே சிரித்தது நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரன் போட்ட தண்டவாளம் பக்கத்தில் ஓடுகிறது, ஒருநாள் ரயிலில் ஆட்கள் காணி தேடி வருவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எழுபத்தேழில் அப்படியே வந்தார்கள். கலவரத்துக்குத் தப்பி, மலையகத் தோட்டங்களிலிருந்து, ஒரு தகரப் பெட்டியும் குழந்தைகளுமாக. "இப்ப இருங்கோ, மிச்சத்தைப் பிறகு பார்ப்பம்" என்று ஐயா காட்டைக் கைகாட்டினார். அந்தப் "பிறகு" வர நாற்பத்தெட்டு வருடம் எடுத்திருக்கிறது. காணி உறுதிப் பத்திரம் இல்லாததால் அவர்களுக்கு அரசாங்க வீட்டுத்திட்டமும் இல்லை என்று நீ சொன்னதையும் கேட்டேன். கோழிக்கு நடுவில் அது தெளிவாகவே கேட்டது.

இனி இங்கத்தைய புதினம். ரயில் பாதையோரம் நான் வாடகைக்கு வைத்திருக்கும் தோட்டத் துண்டு உனக்குத் தெரியும். இருபத்தேழு வருடமாக அதில் மிளகாயும் பூசணியும் போடுகிறேன். புரட்டாதியில் எங்கள் தோட்டச் சங்கத் தலைவர் ஒரு கடிதம் அனுப்பினார். நிலத்துக்காரர் அந்த வரிசைத் தோட்டங்களை வேறு ஒருவருக்கு விற்கப் போகிறாராம், மாசிக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் முழங்கால் வலியே போய்விட்டது. அகராதியை வைத்துக்கொண்டு நானே ஜெர்மன் மொழியில் நாலு பக்கம் எழுதினேன்: "கல்லும் கண்ணாடித் துண்டும் கிடந்த நிலத்தை மண்ணாக்கியவன் நான். கடதாசி யாரிடமும் இருக்கட்டும். விற்பதென்றால் அதில் பாடுபட்டவனை முதலில் கேட்க வேண்டும்."

பிழை பார்க்கத் தேனுஜாவிடம் கொடுத்தேன். அவள் இரண்டாம் பக்கத்தில் சிரிக்கத் தொடங்கினாள். மூன்றாம் பக்கத்தில் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பா, இதில இலக்கணப் பிழை ஒண்டும் இல்லை. ஆனா விலாசம் பிழை. கமலம் மாமிக்குத்தான் போகவேணும். இஞ்ச நீங்கள் சுந்தரேஸ்வரி அக்கா, அங்க நீங்கள் நிலத்துக்காரர்" என்றாள். அதிகப்பிரசங்கி. உன்னைப் போலத்தான் வளர்ந்திருக்கிறாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் ஆட்டிறைச்சிக் கறி வைத்ததால் பேசினேன்.

என் கடிதத்தைத் தலைவர் சங்கக் கூட்டத்தில் உரத்து வாசித்தாராம். இப்போது நிலத்துக்காரர், விற்பதென்றால் முதலில் எங்களிடமே கேட்பதாக எழுதித் தந்திருக்கிறார். தலைவர் ஒரு அப்பிள் கேக்கோடு வீட்டுக்கு வந்தார். என் வேலி இன்னும் சங்க விதியைவிடப் பத்து சென்ரிமீற்றர் உயரம் கூட என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆகவே, கமலம், நீ அனுப்பிய பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்பதில் மாற்றமில்லை. ஒரு காணி கைமாறும்போது பங்காளி ஜெர்மனியில் குந்திக்கொண்டு கடதாசி அனுப்புவது முறையல்ல. தை இரண்டாம் கிழமைக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டேன். உறுதி எழுதும் கிளிநொச்சி நொத்தாரிசிடம் நாள் கேட்டு வை. பதின்மூன்று உறுதியிலும் நானே என் கையால் ஒப்பமிடுவேன். விற்பதற்கு முன் அண்ணனுக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி இருக்கவேண்டும். அது உண்மையில்லைத்தான், ஆனாலும் இருக்கட்டும், நான் உன்னை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கொழும்பிலிருந்து ரயிலில்தான் வருவேன். ஐயா வாங்கிய காணியில் ஒரு இரவு தங்கவேண்டும் என்று ஆசை. ஆனால் அது இனி அவர்களுடைய இடம். வரலாமா என்று சுந்தரேஸ்வரியிடம் கேட்டு எழுது. முதலில் கேட்டுவிட்டு எழுது.

நீயும் மச்சானும், அந்தக் கோழியும்கூட, நீடூழி வாழ வேண்டும்.

பதிலை எதிர்பார்த்திருக்கும் அண்ணை,
ஆனந்தராசா