கண்ணீர் அஞ்சலி, தினசரி நான்கு காட்சிகள்

திருப்பாதிரிப்புலியூர்,
12.8.2009

அன்பு மகன் வினோத்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடு நலம். அங்கே குவைத்தில் நீயும் நித்யா மேரியும் குழந்தை ஹரிஷும் நலமாக இருக்கப் பாடலீஸ்வரரையும், உன் மாமியார் வருத்தப்படக் கூடாது என்று மாதாவையும் வேண்டிக்கொள்கிறேன். நலம் என்றால் போதாதா, உயிரோடு என்று எதற்கு என்பாய். போன மாதம் முழுக்க அதைத்தான் ஊருக்கு நிரூபித்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை நீ என்னோடு பேசப் பக்கத்து ஆரோக்கியம்மாள் வீட்டுக்குப் போன் போடும்போது சொல்லலாம் என்றால், அங்கே அவள் மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

மாசி மாதம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உன் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தபோது சினிமா எடுக்க வந்த ஒருவன் பார்த்து, “சார் மூஞ்சில ஒரு களை இருக்கு சார்” என்றானாம். என்ன களை என்று கேட்டுத் தொலைத்திருக்கலாம். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஊரையெல்லாம் கேள்வி கேட்ட மனிதர் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, “பெரிய மனுஷன் வேஷம், படம் பூரா நான் வரேன், டயலாக்குதான் கம்மி” என்றார். படம் வந்ததும் தெருவில் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு முதல் காட்சிக்குப் போனோம். படம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் உன் அப்பா செத்துப்போனார். அதுவும் நல்ல இடத்தில் இல்லை, ஊர்ப் பெரிய மனிதர் கள்ளத்தனமாகப் போய்வரும் வீட்டில். மிச்சப் படம் பூராவும் பிணம். ஊருக்குத் தெரியாமல் அந்தப் பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மானத்தைக் காப்பாற்ற மகன்காரன் படாத பாடு படுகிறான், ஆட்டோவில் மடியில் சாய்த்துக்கொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுவிட்டு, போலீஸ்காரனைப் பார்த்தால் கையைத் தூக்கி வணக்கம் வைக்க வைத்து, கீழ வீதி மேல வீதி எல்லாம் சுற்றுகிறான். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் எவளோ ஒருத்தி வந்து உன் அப்பா மேல் விழுந்து வளையலை உடைத்துக்கொண்டு அழுதாள். முப்பத்தைந்து வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள் நான் பக்கத்து சீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருக்க, தாலி அறுக்க வேறொருத்தி. எனக்கு எப்படி இருந்திருக்கும் பார்.

மறுநாளிலிருந்து டீக்கடையில், “கண்டக்டர் எந்த வீட்ல செத்தாரு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். உன் அப்பா அவமானத்தில் வெளியே தலைகாட்டுவதை நிறுத்தினார். அதற்குள் படக்காரர்கள் அவர் படத்தைப் போட்டு, மாலை மாட்டி, கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்தில் சிதம்பரம் வரைக்கும் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். தினசரி நான்கு காட்சிகள் என்று கீழே எறும்பளவு எழுத்தில் இருந்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து அதை யார் படிப்பார்கள்?

அந்தப் போஸ்டரை நம்பி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து உன் மாமன் கொளஞ்சியப்பன் வந்தான். ஆமாம், என் தம்பியேதான். தன் மகள் சரண்யாவை உனக்குக் கட்டுவதாக இருந்து, நீ நித்யா மேரியைக் கட்டிக்கொண்டு வந்ததும் உன் அப்பாவைப் பார்த்து, “உன் சாவுக்கும் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனவன். அதே கையோடு உன்னைப் பார்த்து, “என் சாவுக்கும் வராத” என்றார் உன் அப்பா. நாலு வருஷமாக இந்த வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகளும் ஒரே வசனத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். சரண்யாவுக்கு நெய்வேலியில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அவளுக்கு உன் ஞாபகமே இல்லை.

அன்று காலை பதினோரு மணிக்கு வேனில் பதினெட்டுப் பேர், மாலை, மேளம் சகிதம். பொம்பளைகள் கேட்டிலேயே தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி ஆரம்பித்துவிட்டார்கள். நான் பின்கட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். புருஷன் செத்துக் கிடக்க மீன் ஆய்கிறாளே, மூளை கலங்கிவிட்டது என்று தம்பி பெண்டாட்டி என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். தம்பி கையில், புருஷன் செத்தால் பிறந்த வீட்டார் போடும் கோடிப் புடவை. அந்த நேரம் பார்த்து உன் அப்பா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து, “யாருடி செத்தது?” என்றார். ஒப்பாரி அப்படியே நின்றது. தம்பி மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யோவ் மாமா, இன்னும் சாவலியா நீ?” என்று கேட்டான். கேட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதான் பார், செத்திருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டான். “வரமாட்டேன்னியேடா மச்சான்” என்றார் உன் அப்பா, அவரும் அழுதுகொண்டே. நெத்திலி பத்தாமல் மறுபடி மார்க்கெட்டுக்கு ஓடி, பதினெட்டுப் பேருக்கும் சமைத்துப் போட்டேன். கோடியைக் கடையில் கொடுத்து உன் அப்பாவுக்கு வேட்டியாக மாற்றிக்கொண்டு வந்தான் தம்பி. சாயங்காலம் எல்லாரையும் படத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், முன் சீட்டுக்காரனை எல்லாம் தட்டி, “அந்தப் பொணம் எங்க மாமாதான்” என்று சொன்னானாம். இப்போது உன் அப்பா தலை நிமிர்ந்து டீக்கடைக்குப் போகிறார்.

இதெல்லாம் உனக்குத் தெரியாத செய்தி மாதிரி எழுதிவிட்டேன். எல்லாரும் சாப்பிட்டு முடித்த நேரத்தில் நம் வீட்டுப் போன் அடித்தது. உன் அப்பா எடுத்து அலோ என்றார். அந்தப் பக்கம் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள், இவர் குரலைக் கேட்டதும் அழுகை நின்றது, போனும் நின்றது. “ராங் நம்பர்” என்றார். போஸ்டரைப் பார்த்து உனக்குச் சொன்னது தான்தான் என்று உன் சிநேகிதன் டேனி மறுநாள் வந்து ஒத்துக்கொண்டான். ரொம்ப நல்ல பிள்ளையடா நீ, அப்பா செத்தார் என்றதும் அழுதாய், சாகவில்லை என்றதும் போனை வைத்துவிட்டாய். எனக்கு வந்த கோபத்தில் கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து வீட்டில் போன் அடித்தால் என்னை எடுக்க விடுவதில்லை உன் அப்பா. எந்த ராங் நம்பருக்காக இப்படி ஓடுகிறார் என்று நான் கேட்கவில்லை.

ஹரிஷுக்கு ஆடி வெயில் சூடு போக வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டச் சொல். நித்யா மேரி ஏசியில் படுத்து சளி பிடித்துக்கொள்ள வேண்டாம். மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். இனிமேல் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நான் கோயிலில் இருப்பேன், உன் போனை எடுக்காதே என்று ஆரோக்கியம்மாளிடமும் சொல்லிவிட்டேன். நம் வீட்டு நம்பருக்குப் போடு. அவர் அலோ என்பார். அடுத்த வசனம் உன்னுடையது.

இப்படிக்கு,
குங்குமம் அழியாத உன் அம்மா,
தில்லையம்மாள்