பானை விளிம்புக்கு ஒரு துணி

அன்புள்ள அத்தைக்கு,

உங்க முழங்கால் வலி குறைஞ்சிருக்கும்னு நம்பி எழுதுறேன். நான் சுகம். வேளைக்குச் சாப்பிடுறேன்.

பானை வகுப்புல போன வாரம் ஒரு பஸ் டிரைவர் புதுசா சேர்ந்தார். சக்கரத்துல மூணு தடவை மண் சரிஞ்சதும், "டீச்சர், எனக்கு ஸ்டியரிங்தான் சரி"ன்னு எழுந்துட்டார்.

"மண்ணு எங்கயும் ஓடிடாது, உட்காருங்க"ன்னேன். உங்க மகன் எனக்குக் கத்துக்கொடுத்தப்போ சொன்ன அதே வார்த்தை.

நாலாவது தடவை ஒரு குட்டிக் கிண்ணம் எழும்பிடுச்சு. நானே வனையும்போதுகூட அவ்வளவு சந்தோஷம் வர்றதில்லை.

"இதுல என்ன வைக்கலாம் டீச்சர்?"

"ஒரு சிட்டிகை உப்பு வைக்கலாம்."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன் அத்தை. உங்க மகன் தவறி ஏழு மாசம் ஆச்சு, அதுக்கப்புறம் இப்பத்தான் சிரிச்சேன். தப்பா நினைக்காதீங்க.

ஒரு உதவி வேணும். இங்க கிடைக்கிற துணியால ஈர விளிம்பை நீவினா கீறல் விழுது. அவரோட பழைய கைலின்னா மெத்துனு இருக்கும். அவர் துணியை யாரும் தொடக்கூடாதுன்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. முழுசா வேண்டாம். மனசு வந்தா, ஓரத்துல கிழிச்சு ரெண்டு துண்டு அனுப்புங்க.

வேலைக்கு ஒண்ணே போதும். இன்னொண்ணு எனக்கு.

வகுப்புக்கு ஆள் வந்தாச்சு, எழுந்திரிக்கிறேன்.

உங்க மருமகள்