தொடாத கோப்பை

அன்பு மகன் ஓரெஸ்டுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகன் டானிலோவும் இங்கே நல்ல சுகம், அவன் கால் எலும்பு கெட்டியாகக் கூடிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ஆஸ்திரேலியாவில், அந்தப் பெர்த் வெயிலில் உன் இருமல் நின்றதா இல்லையா என்று நீதான் எழுதவே இல்லை. கோதுமைக்கு நல்ல மழை, கொட்டகைக் கூரை மட்டும் ஒழுகுகிறது.

நீ அனுப்பிய விமான டிக்கெட் வந்தது. ஐஸ் ஹாக்கியும் போதும் அடியும் போதும், என்னோடு சுரங்க வேலைக்கு அவனை அனுப்பி வை என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில், கோபப்படாமல் கடைசிவரை படி. அவன் ஆடும் ஓநாய்கள் அணி கோப்பை வென்றதை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். நடுக்குளிரில், கோலுக்குள் போக இருந்த ரப்பர் வில்லையைக் காலால் மறித்து எலும்பை முறித்துக்கொண்டவன் நம் பிள்ளை. ஆனால் அவன் ஆடிய ஆட்டங்கள் போதாதாம், கோப்பையில் பெயர் பொறிக்கமாட்டார்களாம், ஒப்பந்தமும் புதுப்பிக்கவில்லை, செப்டம்பர் முகாமுக்கு வந்து ஆடிக் காட்டினால் பார்க்கலாம் என்றார்களாம். அவன் போகிறேன் என்றும் சொல்லவில்லை மாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஸ்கேட்டை ஆணியில் மாட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். இரும்புக்கடை வில்ஃப், என்ன ஸ்டெஃபா, ஜெயிச்ச டீம்ல பேரில்லாதவன் உன் பேரன்தானாமே என்று சிரித்தான். உன் கடைப் பலகையில உன் பேரே பாதி உதிர்ந்து கெடக்கு, மொதல்ல அதுக்குப் பெயின்ட் அடிடா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வென்ற ஒவ்வொருவனும் கோப்பையை ஒருநாள் தன் ஊருக்குக் கொண்டுபோவான் அல்லவா, அணியின் கேப்டன் கெஸ்லர் தன் நாளில் டானிலோவுக்காக நம் ஊருக்குக் கொண்டுவந்தான். பாதிரியார் அதில் பீர் குடித்தார், யாரோ குழந்தையை உள்ளே உட்காரவைத்தார்கள். பிறகு கெஸ்லர் நேரே நம் சமையலறைக்கு வந்து, பாட்டி, உங்க பெரோகிய இதுலயே கொட்டுங்க, தட்டு கழுவுற வேலை மிச்சம் என்றான். உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டைகளை வெண்ணெயும் வதக்கிய வெங்காயமுமாகக் கொட்டினேன். பெயர் இல்லாவிட்டால் போகிறது, நம் வீட்டு வாசனையாவது ஒட்டியிருக்கட்டும். எல்லோரும் அதிலிருந்தே எடுத்துத் தின்றார்கள், டானிலோ மட்டும் தனித்தட்டில் தின்றான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காலை ஒடச்சுக்கிட்டவன் நீ, உனக்கில்லாத உரிமையா, தொடுடா என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் கையை உதறி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வேணாம் பாட்டி, பேரில்லாத எனக்கு இது ஜெயிச்ச கணக்கில்ல, ஆடுறவன் ஜெயிக்காம தொட்டா அப்புறம் ஜெயிக்கவே மாட்டான், நானே தூக்குறப்ப தொட்டுக்கிறேன் என்றான். இத்தனை வருஷம் ஆட்டம் பார்த்தும் அந்த நேரத்தில் எனக்கு ஆட்டக்காரர்களின் அந்த நம்பிக்கை மறந்துபோயிற்று. கெஸ்லர் சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்தான், டானிலோவின் முழங்கைகூடப் பட்டுவிடாமல் கோப்பையை மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்தி வைத்தான். அப்ப செப்டம்பர்ல பாக்கலாம்டா என்றான்.

மறுநாள் காலையில் ஆணியில் ஸ்கேட் இல்லை. அதன் இரும்புத் தகட்டைக் கூர் தீட்டும் சத்தம் கொட்டகையிலிருந்து கேட்டது. ஆகவே அவனை உன்னிடம் அனுப்பமாட்டேன் ஓரெஸ்ட். அவன் முகாமில் தோற்றுத் திரும்பி வந்தாலும் வரட்டும், அப்போதும் அவனுக்குச் சோறு போடுவேன். டிக்கெட்டை இதனுடன் திருப்பி வைத்திருக்கிறேன்.

தொப்பி இல்லாமல் வெயிலில் நிற்காதே, தேனை வெந்நீரில் கலந்து குடி. கடவுள் உன் நெஞ்சையும் உன் பிள்ளையின் கால் எலும்பையும் காக்கட்டும். அவன் அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வரும் நாளில் இந்த மேசையில் உனக்கும் நாற்காலி போடுவேன், லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அம்மா,
ஸ்டெஃபானியா