பழைய ரப்பர் வளையம்

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிக்கொள். சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

நேற்று உன்னிடம் கத்தியிருக்கக் கூடாது. "பையன் ரூம்ல அந்தப் பெயின்ட்பால் துப்பாக்கியில, அந்தச் சாயக்குண்டு சுடற விளையாட்டுத் துப்பாக்கியில, கேஸ் உஸ்ஸுன்னு கசியுது, சரி பண்ணிடறேன்" என்றேன். "அந்தச் சத்தம் அவன் மூச்சு விடற மாதிரி இருக்குங்க, கை வெக்காதீங்க" என்றாய்.

நான் கேட்கவில்லை, காலையில் கை வைத்தேன். துப்பாக்கியையும் கேஸ் சிலிண்டரையும் இணைக்கும் ஹோஸ் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவியதும் குமிழி குமிழியாய் வந்தது. வால்வை மூடிக் கழற்றினேன்; உள்ளே ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தது. புதிது போட்டுத் திறந்தேன். சத்தம் இல்லை. அவன் மூச்சு இரண்டாம் தடவை நின்ற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. இப்படிக் கசிந்தால் சிலிண்டர் ஒரு வாரம்கூடத் தாங்காது. அவன் போய் ஐந்து மாதமாகிறது. சிலிண்டர் அடியில் கேஸ் நிரப்பிய தேதி ஒட்டியிருக்கிறது: போன சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் அந்தப் பெரிய பையோடு எங்கே போகிறாய் என்று நான் கேட்டதே இல்லை.

பழைய வளையத்தையே திரும்ப மாட்டிவிட்டேன்.

அவன் ரூம் ஜன்னலை மட்டும் சாத்தாதே, கேஸ் தேங்கும்.

இன்னொன்று: இந்தச் சனிக்கிழமை நீ அலைய வேண்டாம், நான் நிரப்பி வருகிறேன்.