முன்னதாகப் போட்ட கையெழுத்து

சின்னக்கானல்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பாண்டித்துரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி மௌனிகாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய், ஒட்டி ஒட்டிக் கட்டின லயத்து வீட்டுச் சுவருக்குக் காது மட்டுமில்லை வாயும் உண்டு, அதனால்தான். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, நீ அனுப்பிய போர்வையை மௌனிகா யாரையும் தொட விடுவதில்லை.

அவள் பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்தில் என்னைப் பொருளாளர் ஆக்கியதைச் சொன்னேன் அல்லவா, அது பெருமை இல்லையடா, பொறி. பிள்ளைகள் போகும் ஜீப்புக்காக எல்லோரும் மாதாமாதம் கட்டும் பணம், தலைவர் மிக்கேல்ராஜும் நானும் கையெழுத்துப் போட்டால்தான் பாங்கில் எடுக்கலாம். தேயிலைக் கொழுந்து எடுக்கும் நேரத்தில் பாங்குக்கு மலையை விட்டு இறங்கினால் அன்றைக்கு எடை குறையும், கூலியும் குறையும், அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செக்புக் முழுக்கக் கையெழுத்துப் போட்டுத் தலைவரிடம் கொடுத்துவிடுவது இங்கே வழக்கம். முன்பிருந்த சுருளியம்மாளும் அப்படித்தான் செய்தாள், நானும் இருபது தாளில் போட்டேன். போன வாரம் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் நாற்பதாயிரம் மிக்கேல்ராஜின் மச்சான் பேருக்குப் போயிருக்கிறது. கேட்டதற்கு, கையெழுத்து ஒங்களுதுதானக்கா, அப்ப நீங்களே பதில் சொல்லுங்க என்று சிரிக்கிறார். எங்கள் மலைக்குச் சூப்பர்வைசரும் அவர்தான். இனி என் கையெழுத்து செல்லாது என்று எழுதித் தரப் போனால், பாங்கில் சங்கத் தீர்மானமும் தலைவர் கையெழுத்தும் கேட்கிறார்கள். பூட்டினவரிடமே சாவி. இன்னும் ஏழு தாள் அவர் மேசைக்குள் கிடக்கிறது, கொழுந்து கிள்ளும்போதும் அந்த ஏழுதான் கண்ணில் நிற்கிறது.

பேசாமல் இரு, வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் பறிபோகும் என்கிறார் அப்பா. அதுவும் பொய்யில்லை. ஆனால் பாக்கி நின்றதால் ஜீப்காரர் வருவதில்லை, யானை இறங்கும் பாதையில் பிள்ளைகள் நடந்து போகிறார்கள், மௌனிகாவும்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. வருகிற ஞாயிறு கூட்டத்தில் எழுந்து முதலில் என் தப்பைச் சொல்லப் போகிறேன், அப்புறம் வேலை இருக்குமோ வீடு இருக்குமோ தெரியாது. நீ பணம் அனுப்பி இதை மூடப் பார்க்காதே.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். உன் கம்பெனியில் எழுதாத தாளை நீட்டினால், யார் நீட்டினாலும், அம்மாவை நினைத்துக்கொள். மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள்.

எல்லாம் எழுதி, இரண்டு தடவை வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடும்,
உன் அம்மா
மாரீஸ்வரி