எனக்கு வேலை இல்லை என்பதை ஏற்றுக்கொள்ளக் கோரி

அனுப்புநர்:
க. மாசிலாமணி,
செங்காங், சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
வேலையிழந்தோர் உதவித்தொகைப் பிரிவு,
சிங்கப்பூர்.

பொருள்: வேலை கிடைத்துவிட்டதாகக் கருதி நிறுத்தப்பட்ட உதவித்தொகையை மீண்டும் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு சரக்கு நிறுவனத்தில் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தேன். கிடங்கை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்கு மாற்றியபோது எங்களில் பலரை ஆட்குறைப்பு செய்தார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. இந்த மனு அதைப் பற்றியதன்று. தங்கள் பிரிவு என் விண்ணப்பத்தை ஏற்று உதவித்தொகை வழங்கியது. நானும் சொன்ன பயிற்சிகளுக்கெல்லாம் போனேன், சொன்ன இடங்களுக்கெல்லாம் விண்ணப்பித்தேன். பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே இல்லை.

2. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிராங்கூன் ரோட்டில் ஒரு மண்டபத்தில் என் மகள் சுஷ்மிதாவின் நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளையின் தந்தை திரு. தனசேகரனும் நானும் தட்டு மாற்றிக்கொள்ள எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் கைப்பேசி அடித்தது. சாப்பாட்டுக்காரர் அதுவரை வந்து சேரவில்லை. அவர்தான் என்று எடுத்தேன். நாதஸ்வரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டேன். என் நேரம், நாதஸ்வரம் நின்றது.

3. பேசியவர் தங்கள் பிரிவின் இளம் அதிகாரி. என் பெயரைப் பார்த்து, அன்பாகத் தமிழிலேயே பேசினார். "அங்கிள், இப்ப வேலை செய்றீங்களா, இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

4. எனக்கு வேலை போனது என் மனைவி விசாலாட்சிக்கு மட்டுமே தெரியும். காலையில் வழக்கம்போல் கிளம்பி, தேக்கா பக்கம் எங்காவது உட்கார்ந்துதான் விண்ணப்பங்களை அனுப்பிவந்தேன். சம்பந்தி வீட்டாரிடம் கல்யாணம் முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். தட்டை வைத்துக்கொண்டு, பெண்ணின் தகப்பனுக்கு வேலை இல்லை என்று சபையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "செய்றேன்மா, நல்லாத்தான் போகுதுலா" என்றேன். அவர் வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார். பழைய ஆபீஸ் பிள்ளை விசாரிக்கிறாள் என்று சம்பந்தியிடம் சமாளித்துவிட்டுத் தட்டை மாற்றிக்கொண்டேன். அந்த அதிகாரி மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

5. அடுத்த வாரமே உதவித்தொகை நின்றது. மறுபடி விண்ணப்பிக்கப் போனால், புதிய முதலாளியின் பெயரையும் அந்த வேலை முடிந்த தேதியையும் நிரப்பாமல் இணையப்பக்கம் நகர மறுக்கிறது. கிடைக்காத வேலை எந்தத் தேதியில் போனது என்று நான் எழுத வேண்டும், ஐயா? தொலைபேசியில் கேட்டால் நேரில் வரச் சொல்கிறார்கள். நேரில் போனால் இணையத்தில் செய்யச் சொல்கிறார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் அலுத்துவிட்டது.

6. கடைசியாகத் தங்கள் அலுவலக முகப்பில் இருந்த திரு. ரமணன் பொறுமையாகக் கேட்டார். பதிவான என் குரலையும் போட்டுக் காட்டினார். கேட்டபோது எனக்கே நம்பிக்கை வந்தது, அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். குடும்பத்தார் அல்லாத ஒருவர், அப்போது பக்கத்தில் இருந்தவர், நடந்ததை உறுதிசெய்து கையெழுத்திட்டால் மேலிடத்தில் பரிசீலிப்பார்கள் என்றார்.

7. அப்படிப்பட்டவர் ஒருவர்தான் இருக்கிறார். யாரிடம் மறைத்தேனோ அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. நேற்றிரவு மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "போய்ச் சொல்லுங்கப்பா" என்றாள். இன்று மாலை பிடோக்கில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போய் இந்த மனுவைத் திரு. தனசேகரன் கையில் கொடுக்கப்போகிறேன். வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அவரே படித்துக்கொள்ளட்டும். கையெழுத்திடுவாரா, என் மகளின் கல்யாணம் என்னவாகும் என்பது எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

8. ஆகவே ஐயா, அன்று நான் சொன்னது பொய், எனக்கு இன்றுவரை வேலை கிடைக்கவில்லை என்பதை ஏற்று, உதவித்தொகையை மீண்டும் வழங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சாட்சிக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அது வெறுமையாக இருந்தாலும் தயவுசெய்து மனுவைப் பரிசீலியுங்கள்.

இடம்: செங்காங்
நாள்: 14.11.2025

தங்கள் உண்மையுள்ள,
க. மாசிலாமணி

சாட்சி:

மேலே எழுதியிருப்பது உண்மை. அன்று எதிரில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். போனில் அந்தப் பெண் கேட்டது என் காதில் நன்றாகவே விழுந்தது. வேலையில் இருப்பவரை யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். புரிந்துதான் தட்டை வாங்கிக்கொண்டேன்.

வீ. தனசேகரன்,
பிடோக்.