வாழைக்கு என்று வாங்கிய கத்தி

3.7.1959

இன்று எங்கள் முறைத் தண்ணீர். காலையில் தம்பி சின்னையா மடை திறக்கப் போனான். பெரியப்பா மகன் வீரமலை அங்கே நின்றிருக்கிறான். தன் வாழைக்கு இன்னும் பாயவில்லையாம். சின்னையா மடைப்பலகையில் கை வைத்ததும், அந்தக் கையிலேயே மண்வெட்டிக் காம்பால் போட்டுவிட்டான். எலும்பு முறிந்துவிட்டது.

கட்டுப் போடும்போது தம்பி கத்தினான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "விடுண்ணே, பங்காளிதானே" என்றான் பார், அதுதான் பொறுக்கவில்லை. விடுவதா? குடலை உருவி அதே வாய்க்காலில் போடாவிட்டால் என் பேர் நல்லுசாமி இல்லை.

4.7.1959

போலீஸ் ஸ்டேஷனில் என்னையும் வீரமலையையும் நிற்க வைத்து இன்ஸ்பெக்டர் மிரட்டினார். "இனிமே எவனாவது அரிவாளோட வரப்புல நடந்தான், தூக்கி உள்ள வச்சிடுவேன்." வீட்டு அரிவாளைச் செல்லக்கிளி எங்கேயோ ஒளித்துவிட்டாள். பெண்டாட்டிக்கு எவ்வளவு புத்தி! ஒளிக்கட்டும். அரிவாள் ஊருக்கே தெரியும். மடியில் கிடக்கும் மடக்குக் கத்தி யாருக்குத் தெரியும்?

6.7.1959

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். பெரிய கடைவீதியில், கத்தி விற்கும் பாயின் கடை.

"எதுக்குங்க வேணும்?" என்றார்.

"வாழைக்குத்தான்." வேறென்ன சொல்வது? பங்காளி வயிற்றுக்கு என்றா?

முதலில் காட்டியது உள்ளூர்க் கொல்லன் செய்தது. ஆணி இப்போதே ஆடியது, தள்ளிவிட்டேன். அடுத்தது யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த பட்டாளத்துக் கத்தி. திறந்ததும் டக்கென்று பூட்டு விழுந்தது. பிறகு அலகு அசையவே இல்லை. என் கண் அதிலேயே நின்றது. பாய் அதை வாங்கி அப்பால் வைத்துவிட்டார்.

"தோட்டத்துக்கு இது ஆகாதுங்க. வாழைக்கறை பூட்டுக்குள்ள எறங்கினா ஒட்டிக்கும். அப்புறம் பல்லாலதான் தொறக்கணும்."

கடைசியாக எடுத்தது சீமைச் சரக்கு. மான்கொம்புப் பிடி, தடித்த அலகு. பூட்டு கிடையாது. "சேத்துல கெடந்தாலும் சரி, மழையில கெடந்தாலும் சரி, உங்க பேரன் காலம் வரைக்கும் ஒழைக்கும்" என்றார். பேரன் காலம் எனக்கெதற்கு? ஒரு காலைப்பொழுது உழைத்தால் போதும். பூட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், வாழைக்கு எதற்கு என்று கேட்பார். அவர் காட்டியதையே எடுத்துக்கொண்டேன்.

அதையும் கையில் கொடுக்கவில்லை. பலகைமேல் வைத்து, "நீங்களே எடுத்துக்குங்க. கத்திய கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

8.7.1959

தார் வெட்டிய வாழைமரம் ஒன்று நின்றது. வீரமலையின் வயிறு எந்த உயரம் என்று பார்த்து அங்கே குத்தினேன். பிடிவரை இறங்கியது. உருவினால் நீர் வடிகிறது. கை ஓயும்வரை குத்தினேன். மரம் நார்நாராகத் தொங்கியது. மனசுக்கு அத்தனை சுகமாக இருந்தது.

செல்லக்கிளி பார்த்துவிட்டாள். "மரத்து மேல என்னங்க கோவம்?" கத்தியை மடக்கி மடியில் செருகிக்கொண்டேன். சோறு போட்டாள்.

10.7.1959

நாளை எங்கள் முறை.

2.8.1959

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறினது போல் இருக்கிறது.

அன்று மடையில் வீரமலை இருந்தான். "வாடா, ஒனக்கும் கை அரிக்குதா?" என்றான். மடியிலிருந்து எடுத்தேன், திறந்தேன், குத்தினேன். வாழையில் இறங்கினது போல் இறங்கும் என்றுதான் முழு பலத்தையும் போட்டேன். அவன் இடுப்பில் அகலமான தோல் பெல்ட். கத்திமுனை அதில் முட்டி வழுக்கியது. என் கை நிற்கவில்லை. அலகு மடங்கி என் விரல்கள்மேலேயே விழுந்தது. எலும்பில் இரும்பு உரசினது எனக்கே கேட்டது.

வாழை எதிர்த்து நிற்காது. மனுஷன் நிற்பான். அத்தனை குத்துக் குத்தினேனே, இது ஏன் தோன்றவில்லை? அந்தப் பூட்டு மட்டும் இருந்திருந்தால்—

அவன் சும்மா விட்டானா? வயிற்றில் உதைத்து வாய்க்காலில் தள்ளினான். மண்வெட்டிக் காம்பால் முதுகிலும் தொடையிலும் மாற்றி மாற்றிப் போட்டான். என் வாயில் சேறு, ரத்தம். தண்ணீர் சிவந்ததும் நிறுத்தி, தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அப்புறம்தான் என் கையைப் பார்த்தான்.

"அடப்பாவி, வெரலு தொங்குதுடா!"

துண்டைக் கிழித்துக் கட்டினான். சைக்கிளில் உட்கார வைத்து, ஆஸ்பத்திரி போகும்வரை திட்டிக்கொண்டே மிதித்தான். என் அம்மாவை இழுத்தான். அவள் அவனுக்குச் சித்தி என்பதுகூட நினைவில்லை. டாக்டரிடம் மட்டும், "வாழை வெட்டறப்ப கை தவறிடுச்சுங்க" என்றான். பாயிடம் நான் சொன்ன அதே வாழை.

ஆட்காட்டி விரல் போயிற்று. நடுவிரல் இனி மடங்காதாம். அழுதேன். அவனை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

14.10.1959

மடையடியில் சேறு வாரும்போது கத்தி கிடைத்ததாம். வீரமலை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தான். கழுவி, எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான். பாய் சொன்னது பொய்யில்லை, அலகு அப்படியே இருக்கிறது.

இடது கையை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. குனிந்து வரப்பில் வைத்தான்.

"ஏன், கையில குடுத்தா என்ன?"

"வேணாம்டா. சண்டை வரும்."

தம்பி கையை முறித்தவன், என்னைச் சேற்றில் போட்டுச் சாத்தியவன். அவன் முகத்தில் நிஜமாகவே பயம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எடுத்தேன். இருக்கிற விரல்களால் திறக்க வரவில்லை. நானும் கீழே வைத்தேன். அவன் எடுத்து, திறந்து, மறுபடியும் வரப்பில் வைத்துவிட்டுத் தன் தோட்டத்துக்குப் போனான்.

ஒரு தார் வெட்டினேன். காலில் ஈரம் பட்டதும்தான் பார்த்தேன், எங்கள் வாழைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. சின்னையா வீட்டில் இருக்கிறான். மடையை நான் திறக்கவில்லை.